லோட் பேலன்சருக்கு சப்நெட் ஒதுக்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், ஏதேனும் ஓர் இணைய தளம் திறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்படுவது தங்கள் கம்ப்யூட்டரைத்தான். வைரஸ் வந்துவிட்டதோ, விண்டோஸ் கெட்டுவிட்டதோ, மோடம் போய்விட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். பல சமயங்களில் தவறு அவர்கள் பக்கம் இருப்பதில்லை. அந்தத் தளத்தை அமைத்த என்னைப் போன்ற ஓர் இன்ஜினியர் எங்கோ ஓர் எண்ணைத் தவறாகப் போட்டிருப்பார். அப்படி நான் போட்ட ஓர் எண்ணைப் பற்றியும், அதைச் சரியாகப் போடும் முறையைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

2023 மே மாதம். எங்கள் அலுவலகம் ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு முடிவுகளை வெளியிடும் தளத்தை அமைத்துக் கொடுத்திருந்தது. சர்வர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னுடையது. காலை 10 மணிக்கு முடிவு வெளியானது. 10.05க்கெல்லாம் தளம் திணற ஆரம்பித்தது. 10.15க்கு திருநெல்வேலியிலிருந்து என் மாமா போனில் வந்தார். அவருடைய மகளும் அந்தத் தேர்வை எழுதியிருந்தாள். "மாப்ள, புதுசா வாங்குன கம்ப்யூட்டரு ரிசல்ட் பக்கத்தை மட்டும் தொறக்க மாட்டேங்கு. என்ன செய்ய?" என்றார். நான் இருந்த பதற்றத்தில், "அப்புறம் கூப்பிடுறேன் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடத்துக்கு வருவோம்.

உங்கள் வீட்டு சப்நெட்

சப்நெட் என்றதும் பெரிய நிறுவனங்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிடலாம்.

1. கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஆர் என்ற எழுத்தைத் தட்டவும். ரன் என்ற சிறிய கட்டம் கிடைக்கும்.

2. அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும்.

3. அங்கே ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி ஆகிய ஆங்கில எழுத்துக்களை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும்.

கிடைக்கும் வரிகளில் மூன்றை மட்டும் கவனியுங்கள். ஐ.பி.வி4 அட்ரஸ் என்ற வரியில் 192.168.1.5 என்பது போல ஓர் எண் இருக்கும். இது வீட்டுக்குள் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி. டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் 192.168.1.1 என்பது போல இருக்கும். இது உங்கள் மோடம் அல்லது ரவுட்டரின் முகவரி. வெளியுலகுக்குப் போகும் வாசல். இந்த இரண்டு எண்களும் உங்கள் வீட்டில் சற்று மாறி இருக்கலாம். சப்நெட் மாஸ்க் என்ற வரியில் பெரும்பாலான வீடுகளில் 255.255.255.0 என்று இருக்கும். நம் பாடமே இந்த வரியில்தான் இருக்கிறது.

ஐ.பி. முகவரியைத் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் சேர்ந்த ஒன்றாக நினைத்துக்கொள்ளுங்கள். 255 என்று வரும் இடங்களெல்லாம் தெருப் பெயர். 0 வரும் இடம் வீட்டு எண். எனவே மேலே சொன்ன உதாரணத்தில் 192.168.1 என்பது தெரு. கடைசியில் உள்ள 5 என்பது வீடு. ஒரே தெருவில் உள்ள கம்ப்யூட்டர், செல்போன், பிரிண்டர் எல்லாம் ஒன்றோடு ஒன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். அந்தத் தெருதான் சப்நெட்.

192.168 என்று தொடங்கும் முகவரி லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறதே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். வராது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் உள் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. இவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கட்டணம் கிடையாது. இவை வெளியே இன்டர்நெட்டில் செல்லுபடியாகாது. கட்டணம் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தது அதைத்தான்.

சாய்கோட்டுக் கணக்கு

க்ளவுட் நிறுவனங்களின் பக்கங்களில் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்று எழுதுவதில்லை. 10.20.1.0/24 என்பது போல எழுதுகிறார்கள். சாய்கோட்டுக்குப் பின் உள்ள 24 எதைக் குறிக்கிறது?

ஓர் ஐ.பி.வி4 முகவரி 32 பிட்களால் ஆனது. அதில் முதல் 24 பிட்கள் தெருப் பெயர் என்று பொருள். மீதி 8 பிட்கள் வீட்டு எண்ணுக்கு. 8 பிட்களில் 256 எண்களை எழுதலாம். ஆகவே /24 என்றால் 256 முகவரிகள். சாய்கோட்டு எண் ஒன்று கூடினால் முகவரிகள் பாதியாகும். ஒன்று குறைந்தால் இரு மடங்காகும்.

/16 என்றால் 65,536 முகவரிகள்
/20 என்றால் 4,096
/24 என்றால் 256
/25 என்றால் 128
/26 என்றால் 64
/27 என்றால் 32
/28 என்றால் 16

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எண் பெரிதானால் இடமும் பெரிது என்று நினைத்துவிடுவார்கள். இங்கே எண் பெரிதானால் இடம் சிறிது.

இன்னொரு கழித்தல் கணக்கும் இருக்கிறது. ஒரு சப்நெட்டில் உள்ள எல்லா முகவரிகளும் நமக்குக் கிடைக்காது. வீட்டு நெட்வொர்க்கில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் போக 254 மிஞ்சும். அமேசானின் க்ளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். 10.20.1.0/24 என்ற சப்நெட்டில் 0 நெட்வொர்க்கின் பெயருக்கு, 1 ரவுட்டருக்கு, 2 பெயர்களை எண்களாக மாற்றும் டி.என்.எஸ். சேவைக்கு, 3 பிற்காலத் தேவைக்கு, 255 கடைசி முகவரி என்பதால். ஆக /24ல் 251, /27ல் 27, /28ல் வெறும் 11 முகவரிகளே நமக்குக் கிடைக்கும்.

லோட் பேலன்சர் என்ன செய்கிறது?

க்ளவுட் என்பது வேறொன்றுமில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. கூட்டம் அதிகம் வரும் தளத்தை ஒரே கம்ப்யூட்டரில் வைத்தால் தாங்காது. எனவே ஒரே தளத்தைப் பல சர்வர்களில் வைக்கிறோம். வருபவர்களை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் லோட் பேலன்சர்.

கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒருவர் நிற்பார். "அந்த வரிசையில் இரண்டு இலை காலி, அங்கே போங்க" என்று கைகாட்டுவார். சாம்பார் வாளியைத் தூக்க மாட்டார், பரிமாற மாட்டார். ஆனால் அவர் இல்லாவிட்டால் முதல் வரிசையில் தள்ளுமுள்ளும் கடைசி வரிசையில் காலி இலைகளுமாக இருக்கும். லோட் பேலன்சர் செய்வது அந்த வேலையைத்தான்.

கூட்டம் பெருகினால் வாசலில் ஒருவர் போதாது. இரண்டு பேர், நான்கு பேர் தேவைப்படும். லோட் பேலன்சரும் அப்படியே. கூட்டத்துக்கு ஏற்பத் தன் கிளைகளைத் தானே பெருக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கிளைக்கும் நம் சப்நெட்டிலிருந்து ஒரு முகவரி வேண்டும். வாசலில் நிற்கவும் இடம் வேண்டும் அல்லவா? இந்த ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் போட்ட தவறான கணக்கு

மும்பையில் உள்ள ஏ.டபிள்யூ.எஸ். மையத்தில் எங்கள் தளத்துக்கு 10.20.0.0/16 என்ற பெரிய தொகுதி இருந்தது. 65,536 முகவரிகள். அதிலிருந்து இரண்டே இரண்டு /27 சப்நெட்களை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் 27 முகவரிகள் கிடைக்கும். சிக்கனமாகச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. லோட் பேலன்சர், தளத்தின் சர்வர் வேலையைச் செய்யும் கன்டெய்னர்கள் இரண்டையும் அதே இரண்டு சப்நெட்களில் வைத்தேன். கன்டெய்னர் என்பது ஒரு புரோகிராமை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய சின்னப் பொட்டலம். நாங்கள் பயன்படுத்திய முறையில் ஒவ்வொரு கன்டெய்னரும் தனக்கென ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும்.

சாதாரண நாட்களில் 8 கன்டெய்னர்கள்தான். பக்கத்துக்கு 4. எந்தப் பிரச்னையும் இல்லை. முடிவு வெளியாகும் முந்தின இரவு எனக்குப் பயம் வந்தது. கூட்டம் வருமே என்று கன்டெய்னர்களின் எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டுத் தூங்கப் போனேன். பக்கத்துக்கு 25. இப்போது கழித்துப் பாருங்கள். 27ல் 25 போனால் மீதி 2. அதில் ஒன்றில் லோட் பேலன்சரின் கிளை ஏற்கெனவே நிற்கிறது. ஆக ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு முகவரிதான் காலி. பந்தியில் கூடுதலாக இலை போட்டு, வாசலில் ஆள் நிற்கும் இடத்தையும் இலையால் நிரப்பிவிட்டேன்.

காலை 10 மணிக்குக் கூட்டம் வந்தபோது லோட் பேலன்சர் பெருக முயன்றது. இடம் இல்லை. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்று போனது. உள்ளே சர்வர்களைப் பார்த்தால் அவற்றின் சி.பி.யு. பயன்பாடு 10 சதவிகிதத்தைக்கூடத் தாண்டவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இலைகள் காலி, வாசலில் நெரிசல். அரை மணி நேரத்துக்கு மேல் புரோகிராமில் தவறு தேடிக்கொண்டிருந்தேன். சப்நெட் பட்டியலைத் திறந்து, அவைலபிள் ஐ.பி.வி4 அட்ரசஸ் என்ற காலத்தில் 1 என்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

தீர்வு கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சர்வர்களைக் குறைத்தேன். 50 கன்டெய்னர்களை 20 ஆக்கினேன். பக்கத்துக்கு 15 முகவரிகள் விடுபட்டன. சில நிமிடங்களில் லோட் பேலன்சர் பெருகத் தொடங்கியது. 11.20க்குத் தளம் ஒழுங்காக ஓடியது. அன்று இரவே லோட் பேலன்சருக்கென்று தனியாக இரண்டு /24 சப்நெட்களை உருவாக்கி மாற்றினேன்.

சப்நெட்டை உருவாக்கும்போதே அளவை ஏன் சரியாகப் போட வேண்டும் என்றால், ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒருமுறை உருவாக்கிய சப்நெட்டின் முகவரி அளவைப் பிறகு மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி அங்கே குடிபெயரத்தான் முடியும். வீட்டுக்குப் பிறகு ஒரு மாடி எழுப்பலாம். மனையை அகலமாக்க முடியாது.

மனதில் வைக்க வேண்டிய விதிகள்

ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்கு உள்ள விதிகள் இவை.

1. குறைந்தது இரண்டு மண்டலங்களில் சப்நெட் வேண்டும். மண்டலம் என்பது தனித்தனி மின்சாரம், தனித்தனி கட்டடம் கொண்ட மையம். ஒன்றில் மின்சாரம் போனாலும் மற்றொன்று ஓடும். மும்பை மையம் 2016ல் திறக்கப்பட்டது. அங்கே மூன்று மண்டலங்கள் இருக்கின்றன. ஒரு சப்நெட் ஒரே ஒரு மண்டலத்தில்தான் இருக்க முடியும். எனவே மண்டலத்துக்கு ஒரு சப்நெட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. ஒவ்வொரு சப்நெட்டும் குறைந்தது /27 அளவில் இருக்க வேண்டும். அதில் எப்போதும் குறைந்தது 8 முகவரிகள் காலியாக இருக்க வேண்டும். நான் /27 என்ற முதல் பாதியைப் படித்தேன். 8 காலி என்ற இரண்டாம் பாதியைக் கோட்டை விட்டேன்.

3. பொதுமக்கள் வந்து போகும் தளமாக இருந்தால் லோட் பேலன்சர் பப்ளிக் சப்நெட்டில் இருக்க வேண்டும். பப்ளிக் சப்நெட் என்று தனி வகை எதுவும் இல்லை. இன்டர்நெட் கேட்வே என்ற வாசலுக்கு வழி காட்டும் ரூட் டேபிள் இணைக்கப்பட்டிருந்தால் அது பப்ளிக். இல்லாவிட்டால் பிரைவேட்.

4. சர்வர்களையும் டேட்டாபேஸையும் பிரைவேட் சப்நெட்டில் வையுங்கள். வெளியிலிருந்து யாரும் நேரடியாக அவற்றைத் தொட முடியாது. லோட் பேலன்சர் உள் முகவரி வழியாக அவற்றோடு பேசிக்கொள்ளும்.

மற்ற நிறுவனங்களிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் அஸூரில் அப்ளிகேஷன் கேட்வே என்ற சேவைக்கு அதற்கென்றே ஒரு சப்நெட் ஒதுக்க வேண்டும். இரண்டாம் பதிப்புக்கு /24 அளவைப் பரிந்துரைக்கிறார்கள். அங்கும் சப்நெட்டுக்கு 5 முகவரிகள் கழியும். கூகுள் க்ளவுடில் ஒரு பிராந்தியத்துக்குள் இயங்கும் சில வகை லோட் பேலன்சர்களுக்கு ப்ராக்ஸி ஒன்லி சப்நெட் என்று தனியாக ஒன்று போட வேண்டும். குறைந்தது /26, அதாவது 64 முகவரிகள். வாசலில் நிற்பவருக்குத் தனி இடம் வேண்டும் என்பதை மூன்று நிறுவனங்களும் தங்கள் தங்கள் முறையில் சொல்கின்றன.

முதலில் காகிதத்தில் போடுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் திட்டம் போடுங்கள். நான் இப்போது புதிய வேலைகளுக்குப் போடும் திட்டம் இது. மொத்தத் தொகுதி 10.20.0.0/16.

லோட் பேலன்சருக்கு:
முதல் மண்டலம் 10.20.0.0/24
இரண்டாம் மண்டலம் 10.20.1.0/24
மூன்றாம் மண்டலம் 10.20.2.0/24

சர்வர்களுக்கு:
முதல் மண்டலம் 10.20.16.0/20
இரண்டாம் மண்டலம் 10.20.32.0/20
மூன்றாம் மண்டலம் 10.20.48.0/20

டேட்டாபேஸுக்கு:
முதல் மண்டலம் 10.20.64.0/24
இரண்டாம் மண்டலம் 10.20.65.0/24
மூன்றாம் மண்டலம் 10.20.66.0/24

சர்வர்களுக்கான எண்கள் ஏன் 16, 32, 48 என்று தாவுகின்றன? ஒரு /20 என்பது பதினாறு /24கள் சேர்ந்தது. எனவே 10.20.16.0/20 என்பது 10.20.16.0 முதல் 10.20.31.255 வரை நீளும். அடுத்தது 32ல்தான் தொடங்க முடியும். ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழைந்தால் க்ளவுட் அதை ஏற்காது.

மொத்தத் தொகுதிக்கு 192.168.1.0 என்று தொடங்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல வீட்டு ரவுட்டர்கள் அதே எண்ணைப் பயன்படுத்துகின்றன. வீட்டிலிருந்து வி.பி.என். மூலம் க்ளவுட் சர்வரோடு இணையும்போது, நீங்கள் கேட்பது வீட்டு பிரிண்டரையா, க்ளவுட் சர்வரையா என்று கம்ப்யூட்டர் குழம்பிவிடும்.

இனி செய்முறை

ஏ.டபிள்யூ.எஸ். கணக்கு வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம்.

1. லாகின் செய்து, மேலே வலது பக்கத்தில் ரீஜன் என்பதில் மும்பையைத் தேர்ந்தெடுக்கவும்.

2. தேடும் கட்டத்தில் வி.பி.சி. என்ற ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து அந்தப் பக்கத்துக்குச் செல்லவும். கிரியேட் வி.பி.சி. என்பதில் கிளிக் செய்து, வி.பி.சி. ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, 10.20.0.0/16 என்று கொடுக்கவும். இங்கே /16 முதல் /28 வரை அனுமதி உண்டு.

3. இடது பக்கம் சப்நெட்ஸ் என்பதில் கிளிக் செய்து, தாளில் போட்ட சப்நெட்களை ஒவ்வொன்றாக உருவாக்கவும். ஒவ்வொன்றுக்கும் மண்டலத்தை நீங்களே தேர்ந்தெடுக்கவும். பெயர் வைக்கும்போது எதற்கானது, எந்த மண்டலம் என்பது தெரியும்படி வையுங்கள்.

4. இன்டர்நெட் கேட்வே ஒன்றை உருவாக்கி, ஆக்ஷன்ஸ் மெனு மூலம் நம் வி.பி.சி.யுடன் இணைக்கவும்.

5. ரூட் டேபிள் ஒன்றை உருவாக்கி, அதில் 0.0.0.0/0 என்ற வழியைச் சேர்த்து, இலக்காக அந்த இன்டர்நெட் கேட்வேயைக் கொடுக்கவும். 0.0.0.0/0 என்றால் மற்ற எல்லா ஊர்களுக்கும் இந்த வழி என்று பொருள். இந்த டேபிளை லோட் பேலன்சருக்கான மூன்று சப்நெட்களோடு மட்டும் இணைக்கவும்.

6. ஈ.சி.2 பக்கத்தில் டார்கெட் குரூப்ஸ் பகுதிக்குச் சென்று, சர்வர்களின் பட்டியலாக ஒரு டார்கெட் குரூப்பை உருவாக்கவும். பயிற்சிக்காகப் பட்டியலைக் காலியாகவும் விடலாம்.

7. லோட் பேலன்சர்ஸ் பகுதியில் அப்ளிகேஷன் லோட் பேலன்சரைத் தேர்ந்தெடுக்கவும். இன்டர்நெட் ஃபேசிங் என்பதைக் குறிக்கவும். நம் வி.பி.சி.யைக் கொடுத்ததும் மண்டலங்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் டிக் செய்து, லோட் பேலன்சருக்கான சப்நெட்டைத் தேர்ந்தெடுக்கவும். அவசரத்தில் சர்வருக்கான பிரைவேட் சப்நெட்டைத் தேர்ந்தெடுத்தால் தளம் வெளியிலிருந்து திறக்காது.

8. செக்யூரிட்டி குரூப்பில் 443 என்ற போர்ட்டைத் திறந்துவிடவும். பயிற்சிக்கு 80 போதும். சர்வர்களுக்கான செக்யூரிட்டி குரூப்பில் லோட் பேலன்சரிடமிருந்து வருவதை மட்டும் அனுமதிக்கவும்.

எச்சரிக்கை ஒன்று. வி.பி.சி., சப்நெட், ரூட் டேபிள் ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. லோட் பேலன்சருக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த ஐ.பி.வி4 முகவரிகள் தீர்ந்துவிட்டதால் வெளி முகவரிக்குக் கிராக்கி அதிகம். ஏ.டபிள்யூ.எஸ். 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு வெளி முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. ஒரு முகவரிக்கு மாதம் சுமார் 3.65 டாலர். இன்டர்நெட்டை நோக்கிய லோட் பேலன்சரின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வெளி முகவரி போகும். எனவே பயிற்சி முடிந்ததும் லோட் பேலன்சரை மறக்காமல் டெலீட் செய்திடவும். கிரெடிட் கார்டு கொடுக்க விருப்பம் இல்லாதவர்கள் தாளில் போடும் திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடத்தின் முக்கியப் பகுதி அதுதான்.

கணக்கு சரியாகப் புரிந்ததா என்று பார்க்க இரண்டு கேள்விகள். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒரு /26 சப்நெட்டில் நமக்கு எத்தனை முகவரிகள் கிடைக்கும்? 10.20.1.0/25 என்ற சப்நெட்டின் கடைசி முகவரி எது? முதல் கேள்விக்கு விடை 59. இரண்டாவதற்கு 10.20.1.127. இரண்டும் சரி என்றால் தயங்காமல் திட்டம் போடலாம்.

மாமா என்ன செய்தார்?

அன்று மாலை மாமாவுக்குப் போன் செய்தேன். மகள் தேறிவிட்ட சந்தோஷத்தில் இருந்தார். "நீ போனை வச்சதும் கடைப் பையனை வரச் சொன்னேன் மாப்ள. விண்டோஸு போயிட்டுன்னு சொல்லி மறுபடி போட்டான். 600 ரூவா. போட்டு முடிச்சு நெட்டைத் தொட்டதும் ரிசல்ட் தொறந்துட்டு! கெட்டிக்காரப் பய" என்றார். அவன் வேலையை முடித்த நேரமும் நான் கன்டெய்னர்களைக் குறைத்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. விண்டோஸைப் புதிதாகப் போட்டதில், அதே சி டிரைவில் வைத்திருந்த சில புகைப்படங்களும் போய்விட்டன என்று பிறகுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை, நான் வெட்டிய சப்நெட்தான் சின்னது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த 600 ரூவா உன் கணக்கு" என்று சிரித்தார். பணத்தை வாங்க மறுத்துவிட்டார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பிரிண்டரை இணைத்துக் கொடுத்து, ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுக்கவும் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

ஆகவே, ஒரு தளம் திறக்கவில்லை என்றால் கடைக்காரரை அழைக்கும் முன் மூன்றைப் பாருங்கள். வேறு இரண்டு தளங்கள் திறக்கின்றனவா? அதே தளம் செல்போனில், வை-ஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் திறக்கிறதா? மேலே பார்த்த கறுப்பு விண்டோவில் பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் டீஃபால்ட் கேட்வே எண்ணைக் கொடுத்தால் பதில் வருகிறதா? மற்ற தளங்கள் திறந்து, மொபைலிலும் அந்த ஒரு தளம் மட்டும் திறக்காமல், கேட்வேயும் பதில் சொன்னால் உங்கள் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலும் தவறு அந்தத் தளத்தின் பக்கம்தான். ஒரு மணி நேரம் பொறுத்து மீண்டும் முயற்சி செய்யுங்கள். அங்கே என்னைப் போல ஒருவர் வியர்க்க விறுவிறுக்கக் காலி முகவரி தேடிக்கொண்டிருப்பார்.